பெத்தாவின் வரிச்சு வீடு: இடிப்பதா, விடுவதா?

படுவான்கரைப் பொடியன்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்குக் கிட்ட எங்கள் வளவில் இரண்டு வீடு நிற்கிறது. முன்னால் இருப்பது புளொக் கல் வீடு. அதற்குப் பிளான், பிரதேச சபை அனுமதி எல்லாம் உண்டு. பின்னால் இருப்பது பெத்தாவின், அதாவது எங்கள் பாட்டியின், வரிச்சு வீடு: தடி கட்டி மண் அப்பினது. அதற்கு எந்தக் கந்தோரிலும் ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. அத்தான் அதை இடித்துவிட்டு உழவு மெசின் நிறுத்தக் கொட்டகை போடப் போகிறாராம்.

வளவு அம்மாவின் சீதனம், இப்போது அக்காவின் சீதனம். எங்கள் பக்கத்து வழக்கம் தெரியும்தானே, தம்பிக்காரன் வாய் திறக்க உரிமையில்லை. ஆனால் காரணத்தோடு சொன்னால் அக்கா கேட்பாள். அதற்காகத்தான் இந்த இணைய மன்றத்தில் கேட்க வந்தேன்.

வீடு இப்படி: பாலை மரக் கப்புகள், அதாவது நிலத்தில் நட்ட தூண்கள். அதில் ஒன்றாவது நேராக இல்லை. எல்லாம் மேலே கவர் விட்ட மரங்கள், அந்தக் கவருக்குள்ளேயே வளை (கூரையைத் தாங்குகிற குறுக்கு மரம்) உட்கார்ந்திருக்கிறது. ஆணியைத் தேடினால் கதவில் மட்டும்தான் இருக்கிறது. கதவு பழைய தோணிப் பலகை. உட்பக்கம் இன்னும் நீலச் சாயம் திட்டுத் திட்டாகத் தெரியும். பின்னால் சாய்ப்பாக இறக்கின பத்திக்கு மண் சுவர் இல்லை. அம்மப்பா ரோட்டு வேலைக்குப் போன காலத்தில் கொண்டுவந்த தார்ப் பீப்பாய்களை வெட்டி விரித்து அடித்திருக்கிறார். மத்தியான வெயிலுக்கு இன்றைக்கும் அந்தப் பத்தியில் தார் மணக்கும். மேற்குச் சுவரில் ஜன்னல் கிடையாது. கூரை நாலு பக்கமும் சரிவு, குனியாமல் உள்ளே போக முடியாது. இப்போது கிடுகு (பின்னிய தென்னோலை) பாதி, தகரம் பாதி, மேலே ஒரு தறப்பாள்.

வைத்திருக்கச் சொல்ல ஏதாவது நியாயம் இருக்கிறதா, அல்லது எனக்குத்தான் பெத்தா மேல் பாசமா?


கனடா மட்டு

இடிக்க விடாதீர்கள் தம்பி! ஏசி தேவையில்லை, பேன் தேவையில்லை, இயற்கையான குளிர்ச்சி. நம் முன்னோர் முட்டாள்கள் இல்லை. இப்போது இங்கே மண் வீட்டுக்காக இலட்சக்கணக்கில் கொட்டுகிறார்கள்.


பெத்தாபேத்தி

கனடா அண்ணன், குளிர்ச்சி உண்மைதான். அந்தக் குளிர்ச்சியை யார் உண்டாக்கினார்கள் என்று கொஞ்சம் கேளுங்கள்.

எங்கள் வீடு களுவாஞ்சிகுடிப் பக்கம், நான் பத்தாம் வகுப்பு வரைக்கும் வரிச்சு வீட்டில்தான். புற்று மண் வெட்டிச் சுமப்பது அம்மா. சாணியோடு குழைத்து நிலம் மெழுகுவது நானும் தங்கச்சியும். மெழுகும்போது பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து வாசலுக்கு வரவேண்டும், நடுவில் யாராவது மிதித்தால் திரும்ப முதலில் இருந்து. வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குக்கு முன் சுவர் முழுக்கப் பூசவேண்டும். மாரி முடிந்தால் சுவரடி கரைந்திருக்கும், அதற்கு வேறாக மண் வைக்க வேண்டும். கிடுகு இரண்டு வருடம் தாங்கினால் பெரிய காரியம். தென்னோலையை வாவிக்கரையில் ஊறப்போட்டு, எடுத்துப் பிளந்து பின்னுவதும் பெண்கள்தான். ஈர்க்குக் கிழித்த கை மீன் வெட்டும்போது எரிகிற எரிவு இருக்கிறதே, அதை எந்த முன்னோர் விஞ்ஞானத்திலும் எழுதவில்லை.

ஆண்கள் என்ன செய்தார்கள் என்றால், கூரையில் ஏறினார்கள். வருடத்தில் ஒரு நாள். அன்றைக்குக் கோழி அடித்துச் சோறும் போட்டோம்.

ஓலைக்குள் பாம்பு, சுவருக்குள் கறையான். நான் கல்வீட்டை விடமாட்டேன்.


கனடா மட்டு

😀 சரி தங்கச்சி, வாயை மூடிக்கொள்கிறேன்.


கப்பும் வளையும்

என் வாப்பா சம்மாந்துறையில் ஓடாவி, மர வேலைக்காரர். நானும் கொஞ்சக் காலம் அவரோடு வேலைக்குப் போனவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மண் வீடு மண் வீடு என்று எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டக்கூடாது. எங்கள் மாவட்டங்களில் இரண்டு வகை இருந்தன, இரண்டும் விழுகிற விதம் வேறு.

ஒன்று பொடியனின் வீடு. முதலில் கப்பு நடுவார்கள், மேலே வளை, கைமரம், அப்புறம் கூரை மேய்வார்கள். கூரை முடிந்த பிறகு அதன் நிழலில் நின்றுதான் வரிச்சுத் தடி கட்டுவது. மண் எல்லாவற்றுக்கும் கடைசி. அப்படியென்றால் என்ன? கூரையின் பாரம் ஒரு இறாத்தல்கூட சுவரில் இல்லை. சுவர் மறைப்பு மட்டும்தான்.

மற்றது சுடாத மண் கல்லை அடுக்கி எழுப்பின வீடு. கப்பு கிடையாது, வளை நேரே சுவரில் உட்காரும். பார்த்தால் இதுதான் வடிவு: சுவர் நேர், மூலை கூர். கையில் கொஞ்சம் காசு புரண்டவர்கள் இந்த வகைக்குத்தான் மாறினார்கள்.

2011 ஜனவரியில் வெள்ளம் வந்தபோது இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தோம். வரிச்சு வீடுகளில் இடுப்பளவுக்கு மண் கரைந்து ஓடியது, தடிகள் விலா எலும்பு மாதிரி வெளியே தெரிந்தன, ஆனால் கூரை அப்படியே நின்றது. தண்ணீர் வற்றியதும் அதே மண்ணைக் குழைத்து அதே தடியில் அப்பினார்கள். மண் கல் வீடுகளில் அடிவரிசை ஊறி, மேலே உள்ள பாரம் அதைப் பிதுக்க, ஒரு பக்கம் முழுக்க வளையோடு உள்ளே சரிந்தது. மோசம் என்னவென்றால், அது தண்ணீர் நிற்கும்போது விழாது. சனம் முகாமில் இருந்து திரும்பி வந்து பாய் விரித்த பிறகு விழும்.

அதனால் தம்பி, குளிர்ச்சி, பாரம்பரியம் எல்லாம் இருக்கட்டும். உங்கள் வீட்டின் பெறுமதி கப்பில். கப்பு எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள், மற்றதைப் பிறகு கதைப்போம்.


ஏறாவூரான்

கப்பும் வளையும் காக்கா (அண்ணன்) சொன்னது வெள்ளத்துக்குச் சரி. புயலுக்கு என்ன சொல்கிறீர்கள்? 1978 நவம்பர் 23 இரவு நான் பள்ளிக்கூடப் பொடியன். கிடுகும் போனது, ஓடும் போனது, தகரமும் போனது. எங்கள் தெருவில் நின்றது பள்ளிவாசலும் ஒன்றிரண்டு கல்வீடும்தான். கூரை பறந்ததைவிட, தென்னை முறிந்து வீட்டின் மேல் விழுந்ததுதான் பயம். வாப்பா எங்களை நெல் மூட்டைகளுக்கு நடுவில் படுக்க வைத்தார்.

அதற்குப் பிறகுதான் ஊரின் முகமே மாறியது. தென்னையெல்லாம் சாய்ந்து கிடக்கிறது, கிடுகுக்கு ஓலை எங்கே? நட்டது வளர்ந்து ஓலை தருவதற்குள் சனம் தகரத்துக்கும் அஸ்பெஸ்டஸ் சீற்றுக்கும் பழகிவிட்டது. நிவாரணமாக வந்ததும் தகரம்தான். நவநாகரிகம் வந்து ஓலை வீட்டை ஒழித்தது என்று படித்தவர்கள் எழுதுகிறார்கள். எங்கள் பக்கத்தில் அதை ஒழித்தது ஓலைத் தட்டுப்பாடு.


கப்பும் வளையும்

புயலுக்கு எதுவும் தாங்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு விசயம். நாலு பக்கமும் சரிந்த கூரையில் காற்றுக்கு அறைய நேர்ச்சுவர் இல்லை. இரண்டு பக்கம் மட்டும் சரிந்த கூரையில் முக்கோணச் சுவர் நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்கும், முதலில் அதுதான் விழும். மற்றது, கவருக்குள் வைத்துக் கயிற்றால் வரிந்த வளை அசையும், ஆனால் கழராது. ஆணி அடித்தது அசையாது, கழரும். இப்போது வீட்டுத் திட்டங்களில் வளையைச் சுவரோடு கம்பியால் கட்டு, தகட்டால் பூட்டு என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். வாப்பா அதைத் தென்னங் கயிற்றால் செய்தார்.


வாகரை வலை

எங்கள் பக்கம் இன்னொரு பூட்டும் உண்டு. கரைவலை வாடி, கடற்கரையில் மீனவர் போடுகிற ஓலைக் கொட்டில், பார்த்திருப்பீர்கள். கிடுகுக்கு மேலே பழைய வலையைப் போர்த்து, வலையின் நாலு நுனியிலும் மணல் மூட்டையைத் தொங்கவிடுவார்கள். வாடைக்கு ஒரு ஓலை எழும்பாது. செலவு ஒரு சதமும் இல்லை, உதவாத வலைதான்.

வாடி என்றால் சீசனுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். அதிலேயே பிள்ளை பெற்று வளர்த்த குடும்பங்கள் உண்டு. அதேபோல் பனிச்சங்கேணி, மாங்கேணிப் பக்கத்து வேடர் குடும்பங்கள். அவர்களைப் பற்றி 1911இலேயே மானிடவியல் ஆய்வாளர்களான செலிக்மன் தம்பதியர் எழுதிவிட்டார்கள், காட்டு வேடர் வேறு, கரையோர வேடர் வேறு என்று. எங்கள் பெரியவர்கள் சொல்வது, அந்தக் குடிசைகளைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போவார்கள், கப்பை மட்டும் விட்டுவிட்டு.

சுனாமிக்குப் பிறகு வந்த தகரக் கொட்டில்கள் இருக்கே, அதைப் போல வெக்கையான வீடு வாழ்க்கையில் பார்த்ததில்லை. ஆனால் பாருங்கள், நிரந்தர வீடு கிடைத்ததும் யாரும் அந்தத் தகரத்தை எறியவில்லை. இன்றைக்கு எங்கள் தெருவில் பாதிக் குசினி அந்தத் தகரம், பாதிக் கோழிக்கூடு அந்தத் தகரம். கொடுத்தவர்களின் சின்னம்கூட அழியவில்லை.


சோலைவரி

நான் ஒரு உள்ளூராட்சிக் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். எது என்று கேட்க வேண்டாம்.

"அந்தக் காலத்தில் சட்டமே இல்லை" என்று அடிக்கடி கேட்கிறேன். இருந்தது. 1915ஆம் ஆண்டிலேயே வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அது எட்டிப் பார்த்தது பட்டின எல்லை வரைக்கும்தான். மட்டக்களப்புப் பட்டினத்துப் புளியந்தீவில் வீடு கட்டினவருக்குத் தெரியும், தோணியேறி வாவிக்கு அந்தப் பக்கம் போனால் தெரியாது. நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் 1978, புயல் அடித்த அதே வருடம். பிரதேச சபைகள் சட்டம் 1987. அந்த வருடங்களில் இந்தப் பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது என்று உங்களுக்குத் தெரியும், பிளான் பார்க்க யார் வருவது? நடைமுறையில் படுவான்கரைக்குக் கட்டடச் சட்டம் வந்தது 2009க்குப் பிறகு என்றுதான் சொல்வேன்.

பொடியனுக்கு ஒரு கேள்வி. அந்தப் பழைய வீடு, பிற்காலத்தில் முன் வீட்டுக்கு எடுத்த பிளானில் காட்டப்பட்டிருக்கிறதா? அக்கா ஒருநாள் வங்கிக் கடனுக்குப் போனால் அங்கேதான் பிரச்சினை வரும். இருக்கிற கட்டடம் பிளானில் இல்லை என்றால் பார்வையிட வருகிறவர் கேட்பார். இடித்தாலும் வைத்தாலும் கடதாசியில் அது இருக்கட்டும்.


காத்தான்குடி ராத்தா

ஆறேழு சதுர கிலோமீற்றருக்குள் 40,000 பேர் வரையில் இருக்கிற ஊரில் இருந்து எழுதுகிறேன், எங்களுக்குப் பின் வளவு என்பதே கனவு!

எங்கள் ஊரின் விசித்திர வீடு வேறு மாதிரி. உம்மம்மாவுக்கு மூன்று பெண்பிள்ளைகள். மூன்று பேருக்கும் வீடு கொடுக்க வேண்டும், வளவு ஒன்று. மூத்தவருக்கு முன் வீடு. இரண்டாமவருக்கு அந்த வீட்டின் பக்கச் சுவரில் ஒட்டி ஒரு வீடு. எங்கள் உம்மா கடைசி, அவவுக்குக் கிணற்றடி. உம்மம்மாவும் மூத்தவாப்பாவும் கடைசியில் குசினிப் பத்தியில் செத்தை (ஓலை மறைப்பு) கட்டிப் படுத்தார்கள். வீட்டைக் கொடுத்துவிட்டு ஒதுங்குவது பெற்றோரின் கடமை, அதை யாரும் குறையாக நினைக்கவில்லை. இப்போது பக்கத்தில் போக இடமில்லை என்று மேலே போகிறோம். கீழே போட்ட அத்திவாரம் ஒரு தட்டுக்குத்தான், மேலே மூன்று தட்டு நிற்கிறது. படிக்கட்டு அடுத்த வீட்டுச் சுவரில் ஏறுகிறது. ஒரு வீட்டுக்கு ஆகக் குறைந்தது 6 பேர்ச் காணி வேண்டும் என்கிறது சட்டம், எங்கள் மூன்று வீட்டையும் சேர்த்தாலே அவ்வளவுதான் வரும்.

ஓலை வீட்டைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். எனக்கு இந்தத் தூண்களைப் பார்த்துத்தான் பயம்.


அக்கரைப்பற்றுவாசி

சட்டப்படி கட்டினால் மட்டும் வீடாகிவிடுமா? எங்கள் பக்கத்து நுரைச்சோலையில் சவூதி உதவியில் 500 வீடுகள், சுனாமிக்காக. பிளான், ரோடு, பள்ளிக்கூடம் எல்லாம் வைத்துக் கட்டினார்கள். வழக்கில் சிக்கி வருடக்கணக்காகக் காடு பற்றிக் கிடந்தன. அதே சுனாமியில் வீடிழந்தவர்கள் கடதாசி இல்லாத கொட்டிலில் இருந்து மழைக்கு நனைந்தார்கள். நான் அரசியல் கதைக்க வரவில்லை, தலைப்புக்குள் வருகிறது என்பதால் சொன்னேன்.


பெத்தாபேத்தி

அரசியல் வேண்டாம் அண்ணன், இழையைப் பூட்டிவிடுவார்கள்.

மேற்குச் சுவரில் ஜன்னல் இல்லை என்று பொடியன் சொன்னார் அல்லவா, அதற்கு ஒரு காரணம் எனக்குத் தெரியும். கச்சான் காற்று. சித்திரை கழிந்தால் மேற்கே இருந்து அனல் மாதிரி அடிக்கும், புழுதி வேறு. ஜன்னல் வைத்தால் சோற்றுப் பானைக்குள் மண் விழும். அதைவிடப் பெரிய விசயம் நெருப்பு. காய்ந்த கிடுகுக் காலமும் கச்சான் காலமும் ஒன்று. அடுப்பு மேற்கே இருந்தால் ஒரு பொறி போதும். அதனால்தான் எங்கள் ஊரில் குசினியைத் தனியாக, தென்கிழக்கில் போடுவார்கள். சாத்திரம் அதை அக்கினி மூலை என்கிறது, என் அம்மா கச்சானுக்கு ஒதுக்கு என்பா. வாடை அந்தப் பக்கம் அடிக்கிற காலத்தில் கூரை நனைந்து கிடக்கும், பயமில்லை. சுனாமி வீடுகளில் குசினியை உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள், சனம் என்ன செய்தது? வெளியே ஒரு ஓலைக் குசினி போட்டுவிட்டு, உள்குசினியில் நெல் மூட்டை அடுக்கியது.


பொத்துவில் அலை

சுவாரசியமான இழை. அறுகம்பையில் வெள்ளைக்காரருக்கு கபானா (தங்கும் குடில்) கட்டுகிறவன் நான். மண் சுவர், ஓலைக் கூரை, மரத்தின் மேல் பரண், எல்லாம் கேட்கிறார்கள். சேனைக் காவலுக்கு யானைக்குப் பயந்து எங்கள் ஆட்கள் ஏறிப் படுத்த பரண், இப்போது ஒரு இரவுக்கு டொலரில் போகிறது.

நான் கட்டுகிற மண் சுவருக்குள் புளொக் கல்தான் இருக்கிறது, வெளியே மண் பூச்சு. கோபிக்காதீர்கள்.


கப்பும் வளையும்

கோபம் எதற்கு, உங்களுடையது விழாது. பக்கத்துக் கபானாக்காரர்கள் இணையத்தில் படம் பார்த்து, கப்பில்லாமல் மண் கல்லில் சுவர் எழுப்பி, அதன் மேல் ஓலை போடுகிறார்கள். கடலோரம், நல்ல மழை. அதைத்தான் சொல்லிவைக்க வேண்டும்.


படுவான்கரைப் பொடியன்

எல்லாருக்கும் நன்றி. காக்கா கேட்டபடி கப்புகளைப் பார்த்தேன். மேலே ஒன்றும் இல்லை, இரும்பு மாதிரி. ஆனால் தார்ப் பீப்பாய்ப் பத்திப் பக்கத்தில் நிலத்தோடு சேர்கிற இடத்தில் இரண்டு கப்பு மெத்தென்று இருக்கிறது. அக்காவிடம் கதைத்தேன். அவளுக்கு உங்கள் பாரம்பரியத்தில் அக்கறையில்லை, ஆனால் 2022இல் சமையல் கேஸ் இல்லாமல் அவள் அந்த வீட்டில்தான் விறகு வைத்துச் சமைத்தாளாம். "இடித்துவிட்டு அடுத்த முறை கேஸ் இல்லாமல் போனால் உன் கொட்டகையில் ரொட்டி சுடுவதா?" என்று அத்தானைக் கேட்டிருக்கிறாள். அத்தோடு கதை முடிந்தது. மெசினுக்கு வேலியோரம் இடம் பார்க்கிறார்.

வீடு நிற்கிறது, ஆனால் குசினியாக. கப்பை என்ன செய்வது?


கப்பும் வளையும்

மரம் உக்குவது காற்றும் ஈரமும் சந்திக்கிற அந்த நாலு விரல் இடத்தில்தான். மேலேயும் கீழேயும் நன்றாக இருக்கும். அலவாங்கு (கடப்பாரை) நுனியால் சுற்றிவரக் குத்திப் பாருங்கள். ஒரு விரலுக்கு மேல் உள்ளே போனால் வெட்ட வேண்டும். போகாவிட்டால் சுரண்டி எடுத்துவிட்டுக் கழிவு ஒயில் பூசினால் போதும்.

வெட்டுவதென்றால் இப்படி. வளைக்குக் கீழே, கப்புக்கு இரு பக்கமும் முட்டு கொடுங்கள். ஒரே நேரத்தில் ஒரு கப்புக்கு மேல் கை வைக்கக் கூடாது. பழுதான இடத்துக்கு ஒரு முழம் மேலே வெட்டிவிட்டு, கீழே கொங்கிறீட் கட்டை வையுங்கள். அந்தக் கட்டை நிலத்துக்கு மேல் ஒரு சாணாவது நிற்க வேண்டும். கட்டைக்குள் முன்கூட்டியே இரண்டு பட்டை இரும்பு நட்டுவைத்து, அதற்கு இடையில் கப்பை நிறுத்திப் போல்ட் போடுங்கள். சும்மா தூக்கி வைத்தால் காற்றுக்குக் கூரையோடு எழும்பிவிடும்.

தார்ப் பீப்பாய்த் தகட்டை நிலத்தில் முட்ட விட்டிருக்கிறீர்கள், அதுதான் தண்ணீரைப் பிடித்துக் கப்புக்குக் கொடுத்திருக்கிறது. அடியில் நாலு விரல் வெட்டி விடுங்கள்.


சோலைவரி

குசினி என்றால் சரி. முன் வீட்டுப் பிளானை அடுத்த முறை திருத்தும்போது அதையும் வரைந்து கொடுங்கள்.


பெத்தாபேத்தி

கூரைக்கு என்ன யோசனை? தகரம் மட்டும் போட்டால் அக்கா வெந்துவிடுவா. கிடுகு மட்டும் போட்டால் அடுப்புப் பொறிக்குப் பயம், இரண்டு வருடத்தில் திரும்ப வேலை.


வாகரை வலை

தகரத்தைப் போட்டு மேலே கிடுகைப் பரப்புங்கள். பொறி கீழே இருந்து ஏறாது, மழை ஒழுகாது, வெக்கையும் இறங்காது. மேலே பழைய வலை. வலை வேண்டுமென்றால் தருகிறேன், ஏற்றுக்கூலி மட்டும் உங்களுடையது.


படுவான்கரைப் பொடியன்

வலைக்கு நன்றி அண்ணன், உள்பெட்டியில் எழுதுகிறேன். கிடுகு பின்னிக் கொடுப்பவர்கள் இந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா? அக்கா பின்ன மாட்டாளாம், இப்போதே சொல்லிவிட்டாள்.


பெத்தாபேத்தி

நல்ல அக்கா. எங்கள் ஊரில் இரண்டு வயதான அம்மாமார் ஓடருக்குப் பின்னுகிறார்கள், நான் கேட்டுச் சொல்கிறேன். ஆவணிக்குள் சொல்லிவிட வேண்டும், புரட்டாதி வந்தால் கோயில் பந்தலுக்கும் வேலிக்கும் என்று எல்லாரும் அவர்களிடம்தான் ஓடுவார்கள். கூலியைப் பேரம் பேசாதீர்கள்.